செர்மாட், ஷாமோனி, சாங்க்ட் ஆன்டன்: மதியம் எங்கே ஒன்றுசேர்வது?

சூரிச்சில் இருக்கும் அக்கா குடும்பத்தோடு ஜனவரியில் ஒரு வாரம் ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறோம். யார் யார் வருகிறோம் என்று சொன்னாலே சிக்கல் புரிந்துவிடும். அத்தான் பதினைந்து வருடமாகப் பனிச்சறுக்கில் ஊறியவர். அக்கா மகளுக்கு இரண்டு காலையும் ஒரே பலகையில் வைத்துச் சறுக்கும் ஸ்னோபோர்டுதான் உயிர். அக்கா இனிமேல்தான் கற்றுக்கொள்ளப் போகிறாள். அம்மா சறுக்கப் போவதில்லை. மலையைக் கண்ணாரப் பார்த்தால் போதும் என்கிறார். நான் இரண்டுக்கும் நடுவில்: எளிய சரிவான நீலப் பாதையில் நிம்மதி, அதைவிடக் கடினமான சிவப்பில் படபடப்பு.

இப்படி ஒரு கூட்டத்துக்கு ஊர் தேடும்போது, எத்தனை கிலோமீட்டர் பாதை, ஆளை மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்ட் எத்தனை என்ற விளம்பரக் கணக்கு உதவாது. ஆறு நாளில் 300 கிலோமீட்டரை எங்களில் யாரும் சறுக்கித் தீர்க்கப் போவதில்லை. நான் பார்ப்பது ஒன்றைத்தான். காலையில் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தவர்கள் மதியம் ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியுமா? மூன்று ஊர்களுக்கும் வெவ்வேறு வருடங்களில் போய் வந்திருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் அவை ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் நிற்கின்றன.

அத்தானின் முதல் தேர்வு பிரான்ஸின் ஷாமோனி. காரணம் எனக்கும் தெரியும். 1924-இல் முதல் குளிர்கால ஒலிம்பிக் நடந்த ஊர். மலையேற்றமும் சறுக்கும் இங்கே பரம்பரைத் தொழில். 1,035 மீட்டரில் இருக்கும் ஊரிலிருந்து கேபிள் கார் 3,842 மீட்டர் உயரமுள்ள எகுயீ டு மிடிக்குக் கொண்டுபோய் விடுகிறது. அங்கிருந்து வலே பிளான்ஷ் என்ற பனியாற்றுச் சரிவில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர் சறுக்கி இறங்கலாம். அது செப்பனிட்ட பாதை அல்ல. தொடக்கத்திலேயே கத்தி முனை போன்ற ஒரு முகட்டில் இருபுறமும் பள்ளம் தெரிய நடந்து இறங்க வேண்டும். கீழே பனிப்பிளவுகள் இருக்கும். வழிகாட்டி இல்லாமல் போகவே கூடாது. கடைசிப் பகுதி தட்டையாகிவிடுவதால் ஸ்னோபோர்டுக்காரர்கள் பலகையைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க நேரும். காலுக்கொரு பலகையான ஸ்கீயில் இருப்பவர் கைக்கோலை ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் ஷாமோனியின் சறுக்குப் பகுதிகள் ஒரே மலையில் இல்லை. பிரெவான்-ஃபிளெஜேர் ஒரு பக்கம், அர்ஜான்தியே கிராமத்துக்கு மேலே கிரான் மோன்டே இன்னொரு பக்கம், பள்ளத்தாக்கின் மேல்கோடியில் லெ டூர், கீழ்க்கோடியில் லெ ஹூஷ். இடையில் பஸ்ஸும் ரயிலும்தான். அத்தான் கிரான் மோன்டேயில் இருக்க, அக்கா ஊருக்குள்ளே பயிற்சிச் சரிவில் விழுந்து எழுந்துகொண்டிருப்பாள். மதியம் சந்திக்க வேண்டுமென்றால் ஒருவர் அரை நாளை இழக்க வேண்டும். நான் முன்பு அங்கே போயிருந்தபோதும் அப்படித்தான் ஆனது. கூடப் போனவர்கள் எல்லோரும் ராத்திரிச் சாப்பாட்டில்தான் முகம் பார்த்துக்கொண்டோம்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். மேகம் இறங்கி, வெள்ளை நிலத்துக்கும் வெள்ளை வானத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும் நாளில் லெ ஹூஷ் போல உதவும் இடம் குறைவு. அங்கே பாதைகள் மரங்களுக்கிடையே ஓடுகின்றன. மரம் தெரிந்தால் சரிவு தெரியும். பிரான்ஸில் நீலத்துக்கும் கீழே பச்சைப் பாதை என்று ஒரு படி உண்டு. சுவிட்சர்லாந்திலும் ஆஸ்திரியாவிலும் நீலத்திலிருந்துதான் தொடக்கம்.

ஆஸ்திரியாவின் சாங்க்ட் ஆன்டன் போய்ச் சேர மிக எளிது. சூரிச்சிலிருந்து நேரடி ரயில். நிலையம் ஊருக்கு நடுவிலேயே இருக்கிறது. பெட்டியை அறையில் போட்டுவிட்டு நடந்தே லிஃப்டுக்குப் போய்விடலாம். கால்சிக்பான் என்ற லிஃப்டைப் பார்க்கவே அம்மாவைக் கூட்டிப்போகலாம்: ராட்டினம் போன்ற பெரிய சக்கரம் ஒவ்வொரு பெட்டியாகத் தரைக்கு இறக்கி, ஆளை ஏற்றி, மேலே தூக்கிக் கம்பியில் விடுகிறது. படி ஏற வேண்டியதில்லை. முழங்கால் வலிக்காரருக்கு இது பெரிய விஷயம். ஆர்ல்பெர்க் ஸ்கீ சங்கம் 1901-இல் தொடங்கியது இந்த மலைப் பகுதியில்தான். சறுக்குப் பயிற்சியாளர் ஹான்னஸ் ஷ்னைடர் சறுக்கை முறையான பாடமாக்கியதும் இங்கேதான். 2016-இல் வந்த ஃபிளெக்ஸன் லிஃப்டால் லெக், சூர்ஸ் என்ற பக்கத்து ஊர்கள் வரை பஸ் பிடிக்காமல் போகலாம்.

பிறகு எது தடுக்கிறது? இங்கே நீலம் என்று வரைந்திருப்பது மற்ற ஊரில் சிவப்பாக இருக்கும். சாயங்காலம் நான்கு மணிக்கு ஷ்டைஸ்பாக்டால் பள்ளத்தில் நின்று பாருங்கள். மலையெங்கும் இருந்தவர்கள் அந்த ஒரே வாய்க்காலில் இறங்குவார்கள். நாள் முழுவதும் சுரண்டப்பட்டு நடுவில் பனிக்கட்டி பளபளக்கும். ஓரமெல்லாம் முழங்கால் உயர மேடுகள். பின்னாலிருந்து வேகமாக வருபவர்களின் சீறல். இரண்டு நாள் பழகிய ஒருவரை அந்தக் கூட்டத்தில் இறக்குவது அநியாயம். கால்சிக்பான் போய்ச் சேரும் கால்சிக் உச்சியில் எல்லோரும் சாப்பிட முடியும்; ஆனால் அக்கா ஏறியது போலவே லிஃப்டில்தான் இறங்க வேண்டும். அக்கா மகளுக்கு எதிர்மலையான ரெண்டலில் நல்ல ஸ்னோபோர்டு பூங்கா உண்டு. கற்றுக்கொள்பவர் யாரும் இல்லாத குழுவென்றால் தயங்காமல் சாங்க்ட் ஆன்டன் என்பேன்.

சுவிட்சர்லாந்தின் செர்மாட் செலவு பிடித்த ஊர். அதை மறைக்க முடியாது. இருந்தும் என் தேர்வு அதுதான். காரணம் ஒரு ரயில். 1898 முதல் ஓடும் கோர்னர்கிராட் பல்சக்கர ரயில், ஊரிலிருந்து 3,089 மீட்டர் வரை ஏறுகிறது. கையில் ஸ்கீயோடு ஏறுபவரும் கைப்பையோடு ஏறுபவரும் ஒரே பெட்டியில் உட்கார்கிறார்கள். வழியில் 2,582 மீட்டரில் ரிஃபெல்பெர்க் நிலையம். அங்கே அகலமான நீலப் பாதைகள், பக்கத்திலேயே உணவகம். அத்தான் மேலிருந்து சறுக்கி வருவார், அக்கா பயிற்சியை முடித்துக்கொண்டு ரயிலேறி வருவாள், அம்மா நேராக ரயிலில் வந்து ஜன்னலோரம் இடம் பிடித்திருப்பார். எதிரே 4,478 மீட்டர் மேட்டர்ஹார்ன். காற்று பலமாக வீசிக் கேபிள் கார்கள் நிற்கும் நாளிலும் இந்த ரயில் பெரும்பாலும் ஓடும்.

அக்காவின் பயிற்சிக்கு சுன்னேகா. மலைக்குள் குடைந்த சுரங்க ரயில் சில நிமிடத்தில் மேலே விடுகிறது. பக்கத்தில் லைசே ஏரிக் கரையில் தொடக்கநிலைச் சரிவு. கற்றுக்கொள்பவர்களை ஊரடியில் நிழலில் நிறுத்திவைக்காமல், வெயிலிலும் அதே மலைக்காட்சியிலும் நிறுத்துகிறார்கள். இந்த மரியாதை எனக்குப் பிடித்திருக்கிறது.

அத்தானுக்கும் குறையில்லை: 3,883 மீட்டர் வரை கேபிள் காரில் ஏறி, எல்லை தாண்டி இத்தாலியின் செர்வினியாவுக்குச் சறுக்கிப் போகலாம். அடையாள அட்டை கையில் வேண்டும். காப்பீடு இரண்டு நாட்டுக்கும் செல்ல வேண்டும். பாதைக்கு வெளியே சறுக்கினால் பல காப்பீடுகள் மீட்புச் செலவைத் தருவதில்லை என்பதையும் முன்பே படித்துவிடுங்கள். காற்று எழுந்தால் திரும்பும் லிஃப்டுகள் மூடிவிடும். பிறகு மலையைச் சுற்றிப் பல மணி நேரக் கார்ப் பயணம்தான். மதியம் இரண்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும் என்று அத்தானிடம் இப்போதே சொல்லியிருக்கிறேன்.

எந்த ஊருக்குப் போனாலும் வாடகை பூட்ஸில் அவசரப்படாதீர்கள். ஒருமுறை ஒரு கடையில் "இதுவே வசதி" என்று ஒரு அளவு பெரியதாகக் கொடுத்துவிட்டார்கள். குதிகால் உள்ளே தூக்கித் தூக்கி இறங்க, இரண்டாம் நாளே தோல் உரிந்தது. நிமிர்ந்து நிற்கும்போது கால் விரல் நுனி முன்சுவரைத் தொட வேண்டும். முழங்காலை மடக்கினால் விரல் பின்வாங்க வேண்டும். மெல்லிய காலுறை ஒன்று போதும்.

செலவுக்கு ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறோம். செர்மாட்டில் பெட்ரோல் கார்களுக்கு அனுமதி இல்லை. எல்லோரும் 5 கிலோமீட்டர் கீழே டேஷ் கிராமத்தில் காரை விட்டு ரயிலேறுகிறார்கள், 12 நிமிடப் பயணம். அறை வாடகை டேஷில் குறைவு. அங்கேயே இரண்டு அறை பார்த்திருக்கிறோம், சமையலறையோடு. பள்ளி விடுமுறைக் கூட்டம் பிப்ரவரியில் வருவதற்குள் திரும்பிவிடுவோம். ரசப்பொடி கொண்டுவருவது அம்மாவின் பொறுப்பு.