ஃபோட்டோஷாப்பின் ஜெனரேட்டிவ் ஃபில்: புத்தக அட்டை வேலைக்கு எவ்வளவு தூரம் தாங்கும்?

முன்னட்டைக்கு ஏற்ற படம் கிடைத்துவிடும். ஆனால் அது முதுகைத் தாண்டிப் பின்னட்டை வரை நீளாது. தலைப்பு வரவேண்டிய இடத்தில் மின்கம்பி ஓடும். மேலே வானம் இரண்டு விரல் அகலம் குறையும். அட்டை வடிவமைப்பில் அன்றாடம் வரும் இந்த வேலைகளுக்கு ஜெனரேட்டிவ் ஃபில் (படத்தில் நாம் தேர்ந்தெடுக்கும் இடத்தை ஏஐ வரைந்து நிரப்பும் வசதி) அருமையான கருவி. அடோபி இதை 2023 மே மாதம் பீட்டாவில் தந்தது, அதே ஆண்டு செப்டம்பரில் முழுப் பதிப்பில் சேர்த்தது. இருக்கும் படத்தை நீட்டவும் துப்புரவாக்கவும் இதை நம்பலாம். அட்டைப்படம் முழுவதையும் இதனிடமே கேட்டு வாங்குவதை நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

முதலில் பிக்சல் கணக்கு. பலரும் கோட்டை விடுவது இங்கேதான். டெமி 1/8 அளவுப் புத்தகத்துக்கு முன்னட்டை 5.5 × 8.5 அங்குலம். முதுகு 0.6 அங்குலம் என்று வைத்துக்கொண்டு, சுற்றிலும் 0.125 அங்குலம் ப்ளீட் (அச்சுக்குப் பின் வெட்டியெடுக்கும் ஓரம்) விட்டால் முழு அட்டை 11.85 × 8.75 அங்குலம். அச்சுக்கு வேண்டிய 300 பிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 பிக்சல்) அது சுமார் 3555 × 2625 பிக்சல். படம் முன்னட்டைக்கு மட்டும் இருந்தால், முதுகும் பின்னட்டையுமாக ஏறக்குறைய 1870 × 2625 பிக்சல் பரப்பைப் புதிதாக நிரப்ப வேண்டும். கருவி வெளிவந்தபோது ஒரு தடவைக்கு உண்மையில் உருவானது அதிகபட்சம் 1024 × 1024 பிக்சல்தான். நாம் தேர்ந்தெடுத்த பகுதி, அதாவது தேர்வு, அதைவிடப் பெரிதாக இருந்தால் இழுத்துப் பெரிதாக்கி ஒட்டிவிடும். நம் பின்னட்டையில் அது இரண்டரை மடங்கு இழுப்பு. திரையில் சிறிதாக்கிப் பார்க்கும்போது தெரியாது. அச்சில் முன்னட்டை கூர்மையாகவும் பின்னட்டை மசமசவென்றும் நிற்கும். பின்னால் வந்த மாடல்களில் வரம்பு உயர்ந்திருக்கிறது. கணக்குப் போடும் முறை மாறவில்லை, 1024-க்குப் பதிலாகப் புதிய எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இதைச் சமாளிக்க வழி உண்டு. முதலில் பின்னட்டை முழுவதையும் ஒரே தேர்வாக எடுத்து, மூலப் படத்துக்குள் 30 பிக்சலாவது நுழையும்படி வைத்து, ப்ராம்ப்டை (என்ன வரைய வேண்டும் என்று எழுதும் பெட்டியை) காலியாக விட்டு உருவாக்குங்கள். வரும் மூன்று மாதிரிகளில் அடிவானமும் வெளிச்சத்தின் திசையும் சரியாக அமைந்ததைத் தேர்ந்துகொள்ளுங்கள். கூர்மையை இப்போது பார்க்க வேண்டாம். பிறகு அதன்மேல் 1000 × 1000 பிக்சல் கட்டங்களாக, ஒன்றன்மேல் ஒன்று நூறு பிக்சலுக்கு மேல் ஏறும்படி தேர்வு செய்யுங்கள். அகலத்தில் இரண்டு, உயரத்தில் மூன்று, ஆக ஆறு கட்டம். ஒவ்வொன்றுக்கும் கியூ விசையை அழுத்தி குவிக் மாஸ்க்கில் (தேர்வையே சாம்பல் நிறத்தால் கூட்டிக் குறைக்கும் முறை) தேர்வை வெளிர்சாம்பலால் நிரப்பி, மீண்டும் கியூ அழுத்தி வெளியே வந்து உருவாக்க வேண்டும். தேர்வு அரைகுறையாக இருப்பதால் அடியிலுள்ள உருவம் கலையாமல் நுணுக்கம் மட்டும் கூடும். சாம்பல் அடர்த்தியாகி தேர்வு 50 விழுக்காட்டுக்குக் கீழே போனால் தேர்வைச் சுற்றி ஓடும் புள்ளிக்கோடு கண்ணுக்குத் தெரியாது. தேர்வு விழவில்லை என்று நினைத்துவிட வேண்டாம்.

கடைசியில் நாய்ஸ், அதாவது புகைப்படத்தில் தெரியும் பொடிப்பொடியான புள்ளிகள். உருவான பகுதி மூலப் புகைப்படத்தைவிட வழவழப்பாக இருக்கும், பழைய ஃபிலிம் படம் என்றால் ஒட்டுப்போட்டது பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். எல்லா லேயருக்கும் மேலே 50 விழுக்காடு சாம்பல் லேயர் ஒன்று வைத்து, அதை ஓவர்லே என்ற கலப்பு முறையில் போட்டு, சிறிது கிரெயின் (அதே பொடிப்புள்ளி) சேர்த்தால் இரண்டும் ஒன்றாகிவிடும்.

அடோபியின் சொந்த மாடலுக்கு ப்ராம்ப்ட் எழுதும்போது கட்டளை வேண்டாம். 'கம்பியை எடு' என்று எழுதினால் கம்பி என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கம்பியை வரைய வாய்ப்பு உண்டு. அங்கே இருக்கவேண்டியதை மட்டும் எழுதுங்கள், அல்லது எதுவும் எழுதாதீர்கள். மனித உடல் தெரியும் படங்களில், கேட்பது சாதாரண முந்தானையாக இருந்தாலும், விதிமீறல் என்று மறுப்பு வரக்கூடும். தோல் பகுதியை விட்டுத் தேர்வைச் சுருக்கினால் பெரும்பாலும் விடும்.

தமிழ் எழுத்து அந்த மாடலுக்கு வரவே வராது. தெருப்படம் ஒன்றை நீட்டினால் கடைப் பலகைகளில் தமிழ் மாதிரியான கிறுக்கல் முளைக்கும். நம் வாசகர் கண் முதலில் போய் நிற்பது அங்கேதான். பலகையை வெறுமையாக்கிவிட்டு, உண்மையான எழுத்தைத் தனி லேயரில் தட்டி, பலகையின் கோணத்துக்குச் சாய்த்து வையுங்கள். தலைப்பை அடோபியின் பக்க வடிவமைப்பு மென்பொருளான இன்டிசைனில் போடும்போது, இந்திய எழுத்துகளைச் சரியாகக் கோக்கும் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் யூனிகோட் எழுத்துருக்களில் கொம்பு இடம் மாறி நிற்கும். புள்ளிக்கோலமும் ஆகாது: கோடு புள்ளியைச் சுற்றி வந்து மூடாமல் பாதியில் கரைந்துபோகும். சேலைக் கரையின் கோபுர வரிசையும் கணக்குத் தப்பும். இவற்றுக்கு, படத்தின் ஓரிடத்தை இன்னோரிடத்தில் நகலெடுக்கும் குளோன் ஸ்டாம்ப்தான், பொறுமையாக.

நிறத்தையும் கவனியுங்கள். வேலை முழுவதையும் ஆர்ஜிபியில் (திரைக்கான நிறமுறை) முடித்து, அச்சகம் கொடுக்கும் புரொஃபைலில் (நிற அமைப்புக் கோப்பு) சிஎம்ஒய்கே-க்கு (அச்சு மைகளுக்கான நிறமுறை) மாற்றுங்கள். இந்தக் கருவி தாராளமாக அள்ளித் தெளிக்கும் பளீர் நீலமும் பச்சையும் அந்த மாற்றத்தில் மங்கிவிடும். வியூ மெனுவில் அச்சு நிறத்தைத் திரையிலேயே காட்டும் ப்ரூஃப் கலர்ஸை முதலிலிருந்தே போட்டுக்கொண்டு வேலை செய்தால் பிறகு அதிர்ச்சி இல்லை.

அடோபியின் சொந்த மாடலில் ஒவ்வொரு உருவாக்கத்துக்கும் ஒரு கிரெடிட் (சந்தாவோடு மாதம்தோறும் கிடைக்கும் பயன்பாட்டு அலகு), மேலே சொன்ன அட்டைக்குக் குறைந்தது ஏழு. பிடிக்காமல் திரும்பத் திரும்ப அழுத்துவதையும் சேர்த்தால் இருபதைத் தொடுவது எளிது. மாதக் கிரெடிட் மிஞ்சினால் அடுத்த மாதத்துக்கு வராது. இணையமும் கட்டாயம் வேண்டும். இந்த இரண்டும் ஒத்துவராதவர்கள் இலவச ஓவிய மென்பொருளான கிரிட்டாவில் ஏஐ டிஃப்யூஷன் ப்ளக்-இன்னைச் (கூடுதல் செருகுநிரல்) சேர்த்துக்கொள்ளலாம். 6 ஜிபி நினைவகமுள்ள என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் சொந்தக் கணினியிலேயே ஓடும். அமைத்து முடிக்க ஒரு மாலைப்பொழுதாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள், மாடல்களே பல ஜிபி இறங்கும்.