தகாயாமாவா, மாட்சுமோட்டோவா?

ஜப்பானில் அமைதியான மலை நகரம் எது என்று கேட்டால் பெரும்பாலோர் தகாயாமாவைத்தான் சொல்வார்கள். நான் மாட்சுமோட்டோவைச் சொல்வேன். ஜப்பானின் வட ஆல்ப்ஸ் மலைத்தொடருக்கு மேற்கே தகாயாமா, கிழக்கே மாட்சுமோட்டோ. இரண்டுமே கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டரை ஒட்டிய உயரத்தில் இருக்கின்றன.

அழகு என்று பார்த்தால் தகாயாமாதான் ஒரு படி மேல். அந்தக் காலத்தில் வரிக்குப் பதிலாகத் தச்சர்களையே தலைநகருக்கு அனுப்பிய ஹிதா நாட்டின் ஊர் அது. சன்மாச்சி தெருக்களின் கருத்த மர வீடுகளில் அந்தக் கைவேலை தெரியும். சாக்கே என்ற அரிசி மது வடிக்கும் கடை வாசலில் சுகி என்ற ஊசியிலை மரத்தின் இலைகளைப் பெரிய உருண்டையாகக் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். பச்சையாக இருந்தால் புது சாக்கே வந்தாயிற்று என்று அர்த்தம். நாளாக ஆகப் பழுப்பாகிவிடும்.

ஆனால் காலை பத்து மணிக்கு மேல் அந்தத் தெருக்களில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. ஷிராகவாகோ கிராமம் பஸ்ஸில் 50 நிமிடம்தான் என்பதால், இரண்டையும் ஒரே நாளில் பார்க்க வருகிறவர்கள் ஏராளம். ஏப்ரல் 14, 15, அக்டோபர் 9, 10 தேர்த் திருவிழா நாட்களில் கேட்கவே வேண்டாம். அமைதி வேண்டுமென்றால் இரவு தங்கி, விடிந்ததும் மியாகவா ஆற்றோரம் போய்விட வேண்டும். சந்தையில் பாட்டிமார் சிவப்பு டர்னிப் ஊறுகாயை எடுத்து அடுக்கிக்கொண்டிருப்பார்கள்.

மாட்சுமோட்டோவில் கூட்டமெல்லாம் கோட்டையோடு சரி. கறுப்பு மரச்சுவர்களோடு, அகழி நீரில் நிழல் விழ நிற்கும் அந்தக் கோட்டை 1590-களில் எழுந்தது. செருப்பைக் கழற்றிப் பையில் போட்டுக் கையில் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். படிகள் ஏணி மாதிரி செங்குத்து. முட்டிவலிக்காரர்கள் வெளியிலிருந்தே பார்த்துக்கொள்வது நல்லது.

எனக்கு அந்த ஊரில் மனசு ஒட்டியது தண்ணீரால். தெருவோரங்களில் ஊற்றுகள் சும்மா ஓடிக்கொண்டே இருக்கின்றன. கென்ச்சி என்ற கிணற்றடியில் நானும் பாட்டிலை நீட்டினேன். கை விறைக்கும் குளிர்ச்சி. எனக்குப் பின்னால் கேனோடு நின்றவர் அந்தத் தெருக்காரர், தன் வீட்டுக்குப் பிடிக்க வந்தவர். ஏறக்குறைய 2.4 லட்சம் பேர் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டு வாழும் ஊர் அது. சுற்றுலா வரும் நம்மை நம்பி இல்லை. தகாயாமாவின் அமைதிக்கு நேரம் பார்க்க வேண்டும், இங்கே மத்தியானம்கூட அமைதிதான்.

சாப்பாட்டில், சைவர்களுக்கு இரண்டு ஊரும் சோதனைதான். சோபா நூடுல்ஸ் சாற்றில் பொதுவாக மீன் இருக்கும், கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

டோக்கியோ ஷின்ஜுகுவிலிருந்து மாட்சுமோட்டோவுக்கு அசூசா ரயிலில் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். நகோயாவிலிருந்து தகாயாமாவுக்கு ஹிதா ரயிலில் சுமார் இரண்டரை மணி நேரம். என்னைக் கேட்டால், தகாயாமாவில் ஒரு ராத்திரி, மாட்சுமோட்டோவில் இரண்டு. நடுவில் மலையைக் குடைந்து போகும் பஸ் உண்டு. வழியில் ஹிராயூவில் இறங்கி வெந்நீர் ஊற்றில் ஒரு குளியல் போட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொள்ளலாம்.