வீட்டை உயிலாக எழுதுவதா, செட்டில்மென்ட் செய்வதா?

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கும் பத்திர எழுத்தரிடம் போய், "வீட்டைப் பையன் பேருக்கு எழுதணும்" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும், "செட்டில்மென்ட் போட்டுடலாம் சார், பின்னாடி பிரச்சினை வராது" என்பார். பொய்யில்லை. ஆனால் யாருக்குப் பிரச்சினை வராது என்பதைச் சொல்ல மாட்டார். உயிரோடு இருக்கும்போதே பத்திரம் பதிந்து உரிமையைக் கொடுத்துவிடும் செட்டில்மென்ட், வாங்கிக்கொள்பவருக்குச் சாதகமான ஏற்பாடு. எழுதியவர் காலத்துக்குப் பிறகே நடைமுறைக்கு வரும் உயில், கொடுப்பவருக்குச் சாதகமானது. இதை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும்.

முதலில் செலவு. தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் செய்யும் செட்டில்மென்டுக்கு முத்திரைத் தீர்வை 1%, அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. (2023 ஜூலைக்கு முன் இந்த உச்சவரம்புகள் 25,000, 4,000 என்று இருந்தன.) ஆக, ஒரு கோடி ரூபாய் வீடானாலும் அரசுக்குக் கட்டுவது 50,000-ஐத் தாண்டாது. உயிலுக்கு முத்திரைத்தாளே வேண்டாம். வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். பதிவு செய்வதும் கட்டாயமில்லை. செலவை வைத்துப் பார்த்தால் உயில்தான், ஆனால் செலவை வைத்து முடிவெடுக்கிற விஷயமா இது?

செட்டில்மென்ட் பதிவான அன்றே வீடு கைமாறிவிடுகிறது. வில்லங்கச் சான்றில் பதிவு ஏறும், பட்டா மகன் பெயருக்கு மாறும், அவர் அதை அடமானம் வைக்கலாம், விற்கலாம். நாளைக்கு மனம் மாறி, நீங்களாக ஒரு ரத்துப் பத்திரம் எழுதி அதைத் திரும்ப வாங்க முடியாது. உரிமையியல் நீதிமன்றப் படியேற வேண்டும்.

பலர் யோசிக்காத இன்னொன்றும் உண்டு. மகன் உங்களுக்கு முன்பே போய்விட்டால்? இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொத்து அவர் மனைவி, பிள்ளைகள், தாய் ஆகியோருக்குச் சமமாகப் போகும். தந்தை அந்த முதல் வரிசையில் இல்லை. வீட்டைக் கட்டி, மகனுக்கு எழுதிக்கொடுத்த அப்பாவுக்கு அந்த வீட்டில் ஒரு பங்கும் கிடையாது. உயிலாக இருந்தால், கிழித்துவிட்டு வேறு எழுதியிருக்கலாம்.

"மூத்த குடிமக்கள் சட்டம் இருக்கிறதே?" என்பீர்கள். இருக்கிறது. 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23-ஆவது பிரிவு, பராமரிப்போம் என்ற நிபந்தனையில் சொத்தை வாங்கிக்கொண்டு கைவிட்டால், அந்தப் பத்திரத்தைச் செல்லாது என்று அறிவிக்க வழி செய்கிறது. நம் மாநிலத்தில் ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுக்க வேண்டும். ஆனால் அந்த நிபந்தனை நிரூபணமாக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் கறாராகச் சொன்னது. 2025-இல் முதியவர் பக்கம் நின்று தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. எந்தத் தீர்ப்பு உங்கள் மனுவுக்குக் கைகொடுக்கும் என்று காத்திருப்பதைவிட, பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. "உன்மேல் உள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்" என்ற வழக்கமான வரியோடு நிறுத்தாமல், சாப்பாடு, மருத்துவம், தங்குமிடம் இவற்றை மகன் பார்த்துக்கொள்ள வேண்டும், தவறினால் பத்திரம் ரத்தாகும் என்று வெளிப்படையாக இருக்கட்டும். கூடவே, உங்களுக்கும் துணைவருக்கும் ஆயுட்கால அனுபவ உரிமையை, அதாவது குடியிருக்கவும் வாடகை வாங்கவும் உள்ள உரிமையை, ஒதுக்கிக்கொள்ளுங்கள். வீட்டின் அனுபவத்தைக் கைவசம் வைத்துக்கொண்டாலும் தானம் செல்லும் என்று 2014-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பத்திரத்தின் தலைப்பில் செட்டில்மென்ட் என்று போட்டுவிட்டு, உள்ளே "என் காலத்துக்குப் பின் நீ அடைய வேண்டியது" என்று எழுதிவிட்டால், நீதிமன்றம் அதை உயிலாகவே பார்க்கக்கூடும். "இன்று முதல்" உரிமை போகிறதா, "என் காலத்துக்குப் பின்" போகிறதா என்பதுதான் கேள்வி. தலைப்பு அதைத் தீர்மானிப்பதில்லை. ஆகவே, உரிமை இன்றே உனக்கு, அனுபவம் மட்டும் என் ஆயுள் வரை எனக்கு என்று பிரித்து எழுத வேண்டும்.

சரி, உயிலின் பலவீனம் என்ன? அது பேசத் தொடங்கும்போது எழுதியவர் உயிரோடு இருக்க மாட்டார். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட்டிருக்க வேண்டும். வழக்கு வந்தால், சாட்சிகளில் ஒருவராவது கூண்டில் ஏறி "ஆமாம், அவர் சுயநினைவோடு கையெழுத்துப் போட்டார்" என்று சொல்ல வேண்டும். எழுபது வயதுக்காரர் தன் பால்ய நண்பரைச் சாட்சி போட வைப்பது அதனால்தான் சரிப்படாது. உங்களைவிட இருபது வயது இளையவராகப் பாருங்கள். ஒருவர் குடும்ப மருத்துவராக இருந்தால் இன்னும் நல்லது. எந்த மகனுக்கு வீடு போகிறதோ, அவரே உயில் எழுத உங்களைக் காரில் கூட்டிப்போனார் என்பது போன்ற விவரங்களைத்தான் எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். மகளுக்கு ஏதும் வைக்காவிட்டால் காரணத்தை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

பதிவு செய்த உயில்தான் பலம் என்றொரு நம்பிக்கை உண்டு. பாதி சரி. பதிவு, பின்னால் நிரூபிக்க உதவும். ஆனால் அதற்குப் பிறகு முறையாக எழுதப்பட்ட பதிவில்லாத உயில் வந்தாலும் பிந்தியதுதான் செல்லும். பதிவான உயில் வில்லங்கச் சான்றில் வராது, நீங்கள் இருக்கும்வரை மற்றவர்களுக்கு நகலும் கிடைக்காது. செட்டில்மென்ட் அப்படியில்லை, ஊருக்கே தெரியும். சென்னைக்காரர்கள் நெடுங்காலம் உயிலைக் கண்டு பயந்ததற்குக் காரணம் புரோபேட், அதாவது உயில் உண்மையானதுதான் என்று நீதிமன்றம் தரும் சான்று. நகர எல்லைக்குள் சொத்து இருந்தால் உயர் நீதிமன்றத்தில் புரோபேட் வாங்கியாக வேண்டும் என்றிருந்தது. 2025 இறுதியில் வந்த திருத்தச் சட்டம் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது.

நாமினி போட்டாயிற்றே என்று சும்மா இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வங்கிப் பணத்துக்கும் பங்குகளுக்கும் நாமினி வெறும் பெற்றுக்கொள்பவர், உரிமையாளர் அல்ல. பங்கு விஷயத்தில் இதை 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மறுபடி உறுதி செய்தது. ஆயுள் காப்பீட்டில் மட்டும், 2015 திருத்தத்துக்குப் பின், பெற்றோர், துணைவர், பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே.

பூர்வீகச் சொத்தானால் உங்கள் பங்கை மட்டும்தான் எந்த வழியிலும் எழுத முடியும். இஸ்லாமியர்களுக்குக் கணக்கே வேறு. வாரிசுகள் சம்மதமின்றி மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உயில் எழுத முடியாது.

குடியிருக்கும் ஒரே வீடு, சுயசம்பாத்தியம் என்றால் என் ஓட்டு உயிலுக்குத்தான். இரண்டாவது வீடோ காலி மனையோ இருந்து, அதைப் பிள்ளை இப்போதே கட்டவோ கடன் வாங்கவோ வேண்டுமென்றால் அதை மட்டும் செட்டில்மென்ட் செய்யலாம். உடல்நலமில்லாத பிள்ளைக்குத் தனியாக ஒதுக்க வேண்டும், மற்றவர்கள் சண்டை போடுவார்கள் என்று தெரிந்தால், அனுபவ உரிமையோடு கூடிய செட்டில்மென்ட் உயிலைவிட உறுதியானது. மாமியார் வீட்டு நெருக்கடியில் மகன் அவசரப்படுத்துகிறார் என்றால் இரண்டையுமே ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.