நாள்பட்ட மலச்சிக்கல்: குழந்தைக்கு லாக்டுலோஸ் சிரப்பா, பெக் பவுடரா?

எங்கள் மகனுக்கு டாக்டரிடம் பேசி நாங்கள் தேர்ந்தெடுத்தது பெக் பவுடர், அதாவது பாலிஎத்திலீன் கிளைகால். அதனால் என் பேச்சு அந்தப் பக்கம்தான் சாயும்.

இரண்டுமே பெருங்குடலில் தண்ணீரைத் தேக்கி மலத்தை இளக்கும் மருந்துகள். பழம், கீரை, தண்ணீர் எல்லாம் அவசியம்தான். ஆனால் மாதக்கணக்கில் இறுகிக் கிடப்பதை அவை மட்டும் சரிசெய்துவிடாது. வலிக்குப் பயந்து பிள்ளை அடக்க அடக்க மலக்குடல் விரிந்து, 'ஆய் வருது' என்ற உணர்வே மங்கிப்போகிறது. கதவுக்குப் பின்னால் காலைப் பின்னிக்கொண்டு, முகம் சிவக்க நிற்பான். முக்குகிறான் என்று தோன்றும், உண்மையில் அடக்குகிறான். ஜட்டியில் நீராகக் கசிவதைப் பேதி என்று நினைத்து மருந்தை நிறுத்திவிடக் கூடாது. இறுகிய மலத்தைச் சுற்றி வழிவதாக இருக்கலாம்.

விரிந்த குடல் பழையபடி சுருங்க மாதங்கள் பிடிக்கும். ஆகவே எந்த மருந்து நாள் தவறாமல் பிள்ளையின் வயிற்றுக்குள் போகும் என்பதுதான் பெரிய கேள்வி. லாக்டுலோஸ் தித்திப்பான, பிசுபிசுப்பான சிரப். முதல் வாரம் ஆசையாகக் குடிக்கும் பிள்ளை பிறகு வாயை மூடிக்கொள்ளும். குடல் பாக்டீரியா அதைப் புளிக்கவைப்பதால் வாயு சேர்ந்து வயிறு உப்பும். பெக் அப்படிப் புளிப்பதில்லை. உப்புகள் சேர்க்காத பவுடராகப் பார்த்து வாங்கினால், தண்ணீரிலோ ஜூஸிலோ கலக்கிய பிறகு ருசியே தெரியாது. உப்பு சேர்த்தது கரிக்கும், என் மகன் துப்பிவிட்டான்.

ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை இரைப்பை-குடல் மருத்துவச் சங்கங்களின் 2014 வழிகாட்டுதலும் பெக்கைத்தான் முதலில் வைக்கிறது. அது கிடைக்காவிட்டால் லாக்டுலோஸ். குறைந்தது 2 மாதம் கொடுத்து, தொந்தரவு நின்று 1 மாதமாவது ஆன பிறகே படிப்படியாகக் குறைக்கச் சொல்கிறது.

தொடக்கத்தில் அடைப்பை எடுக்க எனிமாவும், 3 முதல் 6 நாள் கூடுதல் அளவு பெக்கும் ஏறக்குறைய ஒரே பலன் தரும். ஏற்கெனவே அந்த இடத்தைத் தொட்டாலே அலறும் பிள்ளைக்கு வாய்வழி மருந்துதான் நல்லது என்பது என் கட்சி.

கைக்குழந்தைகள் விஷயத்தில் எனக்கு அனுபவம் இல்லை. அவர்களுக்கு லாக்டுலோஸ்தான் பழகிய மருந்து. மருந்துக்கே அசையாமல், பெருங்குடலின் தசையசைவை அளக்கும் மேனோமெட்ரி சோதனை வரை போகும் பிள்ளைகளுக்கும் இந்த ஒப்பீடு பொருந்தாது. பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் மலம் போகாத குழந்தை என்றால், டாக்டரிடம் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.