குதிரைப் பயிற்சிக் களத்துக்கு ஆற்று மணலா, எம்-சாண்டா?

களம் அமைக்கும் பலரும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறார்கள். எம்-சாண்ட் என்பது கல்லை உடைத்து அரைத்த செயற்கை மணல். 20 × 40 மீட்டர் களத்தில் 8 செ.மீ. மணல் பரப்ப 64 கன மீட்டர், அதாவது சுமார் 23 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) வேண்டும். தப்பாக வாங்கினால் அள்ளி வெளியே கொட்டுவதற்கே தனிச் செலவு.

விலை: ஆற்று மணல் அதிகம், கிடைப்பதும் கஷ்டம். எம்-சாண்ட் மலிவு, கேட்டவுடன் வரும்.

பிடிப்பு: ஆற்று மணல் உருண்டை, திரும்பும்போது குளம்புக்கு அடியில் உருளும். எம்-சாண்டின் முனைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும்.

தூசி: இங்கேதான் எம்-சாண்ட் தோற்கிறது. ஒரு பிடி ஈர மணலை உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். சாம்பல் நிறச் சேறு ஒட்டினால் அது கழுவாத சரக்கு. வெயிலில் அந்தத் தூள்தான் குதிரையின் நுரையீரலுக்குப் போகும். மழைக்குப் பின் கெட்டித்துவிடும். கழுவிய மணல் என்று கேட்டு வாங்குங்கள்.

பராமரிப்பு: எம்-சாண்டைத் தினமும் பரம்படித்து இளக்க வேண்டும். கூர்முனை மணல் லாடம் இல்லாத குளம்பைச் சீக்கிரம் தேய்க்கும். ஆற்று மணலுக்கு அவ்வளவு பரம்படிப்பு வேண்டாம், ஆனால் ஓரங்களுக்கு ஒதுங்கும்; திரும்ப இழுத்துவிட வேண்டும். தண்ணீர் இரண்டுக்குமே தெளிக்க வேண்டும்.

அப்புறம், எதுவானாலும் ஒரேயடியாக ஆழமாகக் கொட்டாதீர்கள். கால் புதையும் ஆழமான மணலில் ஓடினால் குதிரையின் தசைநாண் பாதிக்கும். 5 செ.மீ.யில் தொடங்கி, பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தாண்டல் பயிற்சிக்குக் கழுவிய எம்-சாண்ட். குழந்தைகளும் புதியவர்களும் மெதுவாக ஓட்டும் களத்துக்கு, கிடைத்தால், ஆற்று மணல்.