முதலாம் அட்டவணையா, இரண்டாம் அட்டவணையா?

இந்தியாவின் 2016 அபாயக் கழிவு விதிகளில் ஒரு கழிவை வகைப்படுத்த இரண்டு வழிகள் உண்டு.

முதலாம் அட்டவணை, கழிவு எந்தச் செயல்முறையில் பிறந்தது என்று கேட்கிறது. திருப்பூர் சாயக்கழிவு பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் ரசாயனச் சேறு என்றால் குறியீடு 35.3, பயன்படுத்திய எண்ணெய் 5.1. ஆய்வகச் செலவில்லை, அன்றே பதிவேட்டில் எழுதிவிடலாம்.

இரண்டாம் அட்டவணை, கழிவுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிறது. கசிவுச் சோதனையில், அதாவது கழிவிலிருந்து எவ்வளவு கரைந்து வெளியேறுகிறது என்று அளக்கும் சோதனையில், ஈயம் லிட்டருக்கு 5 மில்லிகிராமை எட்டினால் அது அபாயக் கழிவு. முதல் பட்டியலில் உள்ள கழிவு அபாயமற்றது என்று நிரூபிக்கவும் இந்தச் சோதனை உதவும். ஆனால் மாதிரி எடுப்பதில்தான் சிக்கல்: மேலாகக் காய்ந்த சேற்றை மட்டும் அள்ளிக் கொடுத்தால் முடிவை நம்ப முடியாது.

என்னைக் கேட்டால், பட்டியலில் பெயர் இருந்தால் அந்தக் குறியீட்டையே போடுங்கள். சரி, பெயர் இல்லையா? அப்புறம் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.