டிசம்பர் 17 அன்று இந்த வண்டி எங்கே நின்றது?

வெளிநாட்டில் இருந்துவிட்டு நெல்லைக்கே குடி திரும்புகிறவர்கள், அதிலும் என்னைப் போல பாஸ்போர்ட் மாறிப்போனவர்கள், புதுக் கார் எடுக்கப் போகும் முன் இதைக் கொஞ்சம் வாசித்துவிடுங்கள். பணம் போனதுகூட எனக்குப் பெரிசில்லை. வெள்ளத்தில் நின்ற வண்டியைப் புதுசு என்று என் தலையில் கட்டிவிட்டார்கள், எழுபத்தாறு வயசு அம்மாவை மூணு மாசம் அந்த வண்டியில் உட்கார வைத்து அலைந்தேனே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

எனக்குப் பாளையங்கோட்டை. 2001-ல் சிங்கப்பூர் போனவன், அங்கேயே குடியுரிமையும் வாங்கினேன். இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது என்பதால் இங்குள்ள பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட்டு, வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை எடுத்துக்கொண்டேன். அப்பா தவறிய பிறகு அம்மா தனியாகக் கிடந்தார்கள். 2024 மார்ச் கடைசியில் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட்டேன். மூட்டுவலிக்கார அம்மாவை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி வாசலில் ஆட்டோவில் ஏற்றி இறக்குவதற்குள் அவர்கள் படும் பாடு பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு கார் உடனே வேண்டும் என்றுதான் அந்த ஷோரூமுக்குப் போனேன். வழக்கு நடப்பதால் பெயர் எழுதவில்லை.

கவனித்த பையனுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். 'சார்' என்று ஆரம்பித்தவன், நான் பாளையங்கோட்டைக்காரன் என்று தெரிந்ததும் 'அண்ணாச்சி'க்கு மாறிவிட்டான். என் சிவப்புப் பாஸ்போர்ட்டையும் ஓசிஐ அட்டையையும் ஜெராக்ஸ் எடுக்க வாங்கிக்கொண்டு உள்ளே போனவன், மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மேனேஜர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தார். ஊர் விஷயமெல்லாம் பேசினார். நடுவில், "வெள்ளத்தப்ப ஊர்ல இருந்தீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

"இல்ல, அப்ப சிங்கப்பூர்லதான். போன்ல வீடியோதான் பாத்தேன்" என்றேன். அக்கறையாகக் கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

அதற்கப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "நீங்க ஃபாரின் சிட்டிசன்லா. உங்க பேர்ல வண்டிய ரிஜிஸ்டர் பண்ணணும்னா சென்னையில தனியா பெர்மிஷன் வாங்கணும். லேசுப்பட்ட காரியம் இல்ல. நாங்க முடிச்சுத் தாரோம், 38,000 ஆகும். ஆனா புதுசா புக் பண்ணி மூணு மாசம் காத்துக் கிடந்தா அந்தப் பெர்மிஷனும் காலாவதி ஆயிரும். யார்டுல வெள்ளை வண்டி ஒண்ணு ரெடியா நிக்கு. 23 மேக், அதாவது 2023-ல செஞ்ச வண்டி. அதுக்காக 55,000 தள்ளித் தாரோம்."

நம்பினேன். ஏன் நம்பினேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அங்கிருந்து வருகிற எல்லாருக்கும் இது நடக்கும். சிங்கப்பூரில் கார் வாங்க வேண்டுமானால் காருக்கு முன்னால் சிஓஇ என்ற உரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். அது 10 வருஷத்துக்குத்தான் செல்லும். 2023 அக்டோபரில் சின்னக் கார்களுக்கான சான்றிதழே ஒரு லட்சம் வெள்ளியை (சிங்கப்பூர் டாலரை) தாண்டிப் போனது. இருபது வருஷத்துக்கு மேல் பஸ்ஸிலும் எம்ஆர்டி ரயிலிலும் போய்வந்தவன் நான். அனுமதி இல்லாமல் கார் இல்லை என்பது மனசில் பதிந்துபோய்விட்டது. 38,000 ரூபாயைக் கையில் எண்ணிக் கொடுத்தேன். ஒரு துண்டுச் சீட்டில் 'பெர்மிஷன்' என்று எழுதி, கையெழுத்து இல்லாமல் தந்தார்கள். வண்டி விலையைப் பேங்க் மூலம் அனுப்பினேன். 55,000 போக 8 லட்சத்து 87 ஆயிரம். ஆயுள் வரியும் இன்சூரன்சும் தனி.

வண்டியை நான் பார்த்தது ஷோரூம் வாசலில், சாயங்காலம் ஏழு மணிக்கு, ட்யூப்லைட் வெளிச்சத்தில். பாலீஷ் போட்டுப் பளபளவென்று நின்றது. உள்ளே மல்லிகை சென்ட் வாசம் தூக்கியது. ஒரு வாரத்தில் நம்பரும் வந்துவிட்டது, டிஎன் 72. நேராகக் குறுக்குத்துறைக்குக் கொண்டுபோய் முருகனுக்குப் பூஜை போட்டு, நாலு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றினேன். அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து, "கால் நீட்ட நல்லா வசதியா இருக்குல்லா" என்று சந்தோஷப்பட்டார்கள்.

மூணாவது வாரம் பின்பக்க லைட்டுக்குள் ஆவி கட்டியிருந்தது. சென்ட் வாசம் போனதும் ஏசி போட்டால் ஈரச் சாக்கு நாற்றம் வந்தது. அப்புறம் இடது பக்கக் கண்ணாடி தானாக இறங்க ஆரம்பித்தது. ஜூன் மாசம் ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணையவில்லை. மூணு தடவை அவர்கள் சர்வீஸுக்கே விட்டேன். "சாஃப்ட்வேர் அப்டேட் பண்ணியாச்சு" என்று மூணு தடவையும் ஒரே பதில். எடுத்துக்கொண்டு வந்த நாலு நாளில் விளக்கு மறுபடி எரியும்.

ஜூலையில் சித்தப்பா மகன் சென்னையிலிருந்து வந்தவன்தான், வண்டிக்குள் ஏறியதும் மூக்கைச் சுளித்து, மேலப்பாளையத்தில் தனக்குத் தெரிந்த ஒரு மெக்கானிக்கிடம் கூட்டிப் போனான். பெரியவர், அறுபது வயசு. பானெட்டைத் திறக்கவே இல்லை. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டை மெதுவாக வெளியே இழுத்தார். நாம் போடும்போது வருகிற அளவு இல்லை, அதற்கு மேலும் இழுத்துக்கொண்டே இருந்தார், இனி வராது என்கிற வரைக்கும். முன்பாதி புத்தம் புதுசாகச் சாம்பல் நிறம். கடைசி ஒரு முழம் பழுப்பு. குறுக்கே, காப்பி டம்ளரில் படிகிற கறை மாதிரி ஒரு கோடு. அந்த இடத்தைக் கையில் வைத்து உதறினார். மாவு போல மண் உள்ளங்கையில் விழுந்தது. இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது ஆத்து வண்டல்லா. வெள்ளத்துல நின்ன வண்டியில்லா இது" என்றார்.

எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அவர் டிக்கி விரிப்பைத் தூக்கி ஸ்டெப்னியை எடுத்தார். அடிக்குழியில் காய்ந்து வெடித்த மண். முன் சீட்டுக்கு அடியில் போல்ட்டெல்லாம் துரு. கார்ப்பெட்டை ஓரத்தில் பிரித்துக் காட்டினார். வயர் சேரும் இடங்களில் பச்சை பூத்திருந்தது. ஏர்பேக்கை இயக்கும் பெட்டி இந்த வண்டியில் இரண்டு சீட்டுக்கும் நடுவே தரையை ஒட்டித்தான் இருக்கிறது. தண்ணீர் புகுந்தால் முதலில் அடிபடுவது அதுதான், இடிக்கும்போது பலூன் விரியாமலே போகலாம் என்றார். அம்மா உட்கார்ந்த சீட் அது.

ஊரில் இருந்தவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளும் கொட்டிய மழை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 செ.மீட்டருக்கு மேல் பெய்தது. தாமிரபரணி கரை மீறி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டு, வண்ணார்பேட்டை, கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் தண்ணீர். எங்கள் வீடு மேட்டில் இருந்ததால் தப்பியது. அந்த ஷோரூமின் யார்டு தாழ்வான இடத்தில் இருக்கிறது. அந்த இரண்டு நாளும் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றதைப் பக்கத்து டீக்கடைக்காரர் கையை வைத்தே காட்டினார். உள்ளூர் ஆள் எவரும் அந்த யார்டில் நின்ற 23 மேக் வண்டியைக் கேள்வி கேட்காமல் எடுத்திருக்க மாட்டார்கள். அதனால்தான் மேனேஜர் என்னிடம் முதலில் அதைக் கேட்டிருக்கிறார், வெள்ளத்தப்ப ஊர்ல இருந்தீங்களா என்று. அந்தக் கேள்வியை நினைத்தால் இப்பவும் உடம்பெல்லாம் எரிகிறது.

மறுநாளே ஆர்டிஓ ஆபீசுக்குப் போய் அந்தச் சென்னை பெர்மிஷனைப் பற்றிக் கேட்டேன். அப்படி ஒன்றே கிடையாது. ஓசிஐ வைத்திருப்பவர் கார் வாங்கத் தனி அனுமதி வேண்டாம். நாம் வாங்கக் கூடாதது விவசாய நிலமும் தோட்டமும் பண்ணை வீடும்தான், காருக்கு அந்தத் தடை இல்லை. வரியிலும் வேறுபாடு இல்லை. தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் கூட்டிய ஆயுள் வரி எல்லாருக்கும் ஒன்றுதான், 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10 முதல் 20 லட்சம் வரை 18. அவர்கள் கேட்பது உள்ளூர் முகவரிச் சான்று. அதற்குரிய ஆவணம் எதுவும் கையில் இல்லை என்றால் நோட்டரி முன்னால் எழுதிக் கொடுக்கும் பிரமாணப் பத்திரத்தை ஏற்கவும் விதியில் இடம் இருக்கிறது. ஆதாருக்கு முந்தைய 12 மாசத்தில் 182 நாள் இங்கே தங்கியிருக்க வேண்டும், ஆகவே வந்ததும் கிடைக்காது. ஆதார் இல்லை என்பதைச் சொல்லியே உங்களிடமும் பணம் கேட்பார்கள், ஜாக்கிரதை.

அந்த 38,000-த்தை வக்கீல் நோட்டீஸ் போன இரண்டாம் நாளே வீட்டுக்கு ஆள் அனுப்பித் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் வண்டி விஷயத்தில் மேனேஜர் முகத்துக்கு நேரே சொன்ன பதில்: "டெலிவரி எடுத்தப்புறம் நீங்கதான் எங்கயாவது தண்ணிக்குள்ள விட்டிருப்பீங்க."

ஷோரூமைத் தாண்டி, வண்டி கம்பெனிக்கே சேசிஸ் நம்பரைப் போட்டு மெயில் அனுப்பினேன். 2023 அக்டோபரில் செய்த வண்டி, நவம்பரில் ஷோரூமுக்கு அனுப்பிவிட்டோம் என்று பதில் வந்தது. ஆக, டிசம்பர் 17 அன்று வண்டி அவர்கள் கையில் இருந்திருக்கிறது. இந்த ஒரு மெயிலும், மெக்கானிக் பிரிக்கும்போது தம்பி எடுத்த வீடியோவும், ஒரு இன்ஜினியரிடம் எழுதி வாங்கிய அறிக்கையும்தான் இப்போது என் பக்கம் நிற்கின்றன. நல்லவேளை, அன்றைக்கு எதையும் கழுவ விடாமல் அந்த மண்ணைக்கூட ஒரு கவரில் போட்டு வைத்தோம்.

நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கொடுத்த விலை 50 லட்சம் வரை இருந்தால் மாவட்ட ஆணையமே விசாரிக்கும். என் விலைக்குக் கட்டணம் 200 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை, இ-ஜாக்ரிதி (முன்பு இ-தாக்கில்) தளத்தில் வீட்டிலிருந்தே போடலாம், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடவும் முடியும். இரண்டு வருஷத்துக்குள் போட்டுவிட வேண்டும். முதலில் யோசனை கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள்.

இனி வாங்கப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்பது ஒன்றுதான். ரிஜிஸ்டர் ஆவதற்கு முன்னால் வண்டியைப் பட்டப்பகலில், யார்டிலேயே, பாலீஷ் போடுவதற்கு முன்னால் பாருங்கள். உங்கள் பேருக்கு ஆர்சி வந்துவிட்டால் அவர்கள் பேச்சே மாறிவிடுகிறது, அதுவரைக்கும்தான் 'இது வேண்டாம், வேறு வண்டி கொடு' என்று சொல்கிற பலம் நம்மிடம் இருக்கிறது. சொந்த மெக்கானிக்குக்கு 500 ரூபாய் கொடுத்துக் கூட்டிப் போங்கள். பெல்ட்டை முழுசாக இழுங்கள், ஸ்டெப்னிக் குழியில் கையை விடுங்கள். கம்பெனி ஷோரூமுக்குப் போட்ட பில்லில் என்ன தேதி என்று கேளுங்கள், காட்ட மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இன்சூரன்சையும் அவர்களிடம்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இன்னொன்று: ஊரில் வெள்ளத்தைப் பார்த்த ஒரு ஆளைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள், அது மச்சானோ மாமாவோ, யாராக இருந்தாலும் சரி.

என் வண்டி ஜூலையிலிருந்து வீட்டு ஓரத்தில் தார்ப்பாய் மூடிக் கிடக்கிறது. அம்மா மறுபடி ஆட்டோவில்தான் ஹைகிரவுண்டு போய்வருகிறார்கள். அந்த யார்டில் நின்றது ஒரு வெள்ளைக் கார் மட்டும் இல்லை, டீக்கடைக்காரர் பத்துப் பதினைந்து என்கிறார். அதில் எத்தனை விற்றிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. 2024-ல் நம்ம பக்கம் 23 மேக் வண்டியைத் தள்ளுபடியில் எடுத்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நாளைக்குக் காலையில் முதல் வேலையாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்கள். கோடு தெரிந்தால் கழுவ வேண்டாம், அப்படியே படம் எடுத்து வைத்துவிட்டு, வீட்டு ஆட்களை அந்த வண்டியில் ஏற்றாதீர்கள்.